தொட்டால் பாயும் வண்டி

"பஞ்சர், தலையை உள்ளே விடு."

"மேடம், இந்த வண்டி ஏற்கெனவே ஒருத்தரைக் கொன்னிருக்கு. அடுத்து என் தலையா?"

"சாவி ஸ்டேஷன் உள்ளே ரைட்டர் மேசையில இருக்கு. வாயை மூடிட்டு விடு."

விட்டேன். போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கம் எட்டு வாரமாக நின்று காய்ந்துகொண்டிருந்த டீசல் பிக்கப் அது. காலை பத்து மணிக்கே தகரம் கொதித்தது. டிரைவர் சீட்டில் குப்புறப் படுத்து, ஆக்சிலேட்டர் பெடலுக்கு நேராக முகத்தை வைத்தேன். என் பிழைப்பு அப்படி. ஆறு வருஷம் டீசல் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடித்தேன், அப்புறம் சொந்தமாகப் பஞ்சர் கடை போட்டேன். கடை போய்விட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்த சர்வேயர். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்க முடியாமல் துப்பறியக் கிளம்பிவிட்டார். வண்டி சம்பந்தப்பட்ட வழக்கு என்றால்தான் எடுப்பார். மனுஷன் பொய் சொல்வான், தகரம் சொல்லாது என்பது அவர் கட்சி.

இந்த வழக்கு முந்தாநாள் வந்தது. கொண்டுவந்தவள் ஒரு டெய்லர் அக்கா. அவள் கணவர் டைல்ஸ் குடோனில் இந்தப் பிக்கப்பை ஓட்டியவர். லோடு இறக்கும்போது வண்டியை ஒரு சாண் முன்னால் நகர்த்தியிருக்கிறார். வண்டி ஒரு சாணோடு நிற்கவில்லை. எகிறிப் பாய்ந்து, முன்னால் நின்று கை காட்டிக்கொண்டிருந்த லோடுமேனை டைல்ஸ் அடுக்கோடு சேர்த்து நசுக்கிவிட்டது. லோடுமேன் அங்கேயே போய்விட்டார். டிரைவர் ஜெயிலில்.

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டறார் மேடம். ஒரு கோழியைக்கூட இடிச்சதில்லை. இப்போ கோர்ட்டுல தப்பை ஒத்துக்கப் போறேங்கறார். ஏங்க இப்படின்னு கேட்டா சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்கறார். ஏன்னு எனக்குத் தெரியணும்" என்றாள் டெய்லர் அக்கா. கூட வந்த தம்பி உள்ளேயே வரவில்லை. வாசல் படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். "அவனுக்கு இதெல்லாம் பிடிக்கலை. வக்கீலே போதும்கறான்" என்று அவளே அவனுக்காக மன்னிப்புக் கேட்டாள்.

நாளைக் காலை பத்தரைக்கு அந்த மனுஷர் ஒத்துக்கொள்ளப் போகிறார். ஒத்துக்கொண்டால் கதை முடிந்தது, வருஷக் கணக்கில் உள்ளே. எங்களிடம் இருந்தது இந்த ஒரு பகல்தான்.

"என்ன தெரியுது?" மேடம் வெளியிலிருந்து கேட்டார்.

"தூசி."

"என்ன தூசி?"

"வெள்ளைத் தூசி. டைல்ஸ் உடைஞ்சப்போ திறந்திருந்த ஜன்னல் வழியா அள்ளிக் கொட்டியிருக்கு. மாவு மில்லுக்குள்ள படுத்திருக்கற மாதிரி இருக்கு."

"பெடலுக்கு அடியில?"

"போலீஸ் ரிப்போர்ட்டுல எழுதின ரப்பர் துண்டு. 'ஓட்டுநரின் அலட்சியம்'னு போட்டிருந்தாங்களே, அது."

மேடம் கைப்பையிலிருந்து பல் டாக்டர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து உள்ளே நீட்டினார். அதில் அவர் கண் மட்டும் தெரிந்தது. "செருப்புல வெட்டின துண்டு. நாலு பக்கமும் நேரா வெட்டி, பசை போட்டு ஒட்டியிருக்கு. அலட்சியமா இருக்கறவன் இப்படி அளவெடுத்து ஒட்டுவானா?"

"பெடல் முழுசா இறங்கக் கூடாதுன்னு வெச்சிருக்கார் மேடம்."

"அதான் கேள்வி. வண்டி இழுக்கலைன்னு புலம்பாத டிரைவரை நீ பார்த்திருக்கியா? இந்த ஆள் மட்டும் வண்டி ரொம்ப ஓடுதுன்னு கட்டை வெச்சிருக்கார். ஏன்?"

எனக்குச் சுருக்கென்றது. பெடலுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் விளிம்பைப் பார்த்தேன். எல்லா இடமும் வெள்ளை. அங்கே மட்டும், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம், துடைத்து வைத்த மாதிரி கறுப்பாக இருந்தது. நடுவில் இரட்டை ஒட்டு டேப் பிய்ந்த தடம்.

"மேடம்! இங்கே ஒரு பெட்டி இருந்திருக்கு!"

"கத்தாதே. என்ன பெட்டி?"

சொன்னேன். டீசல் வண்டிக்காரர்களுக்கு இரண்டு ஆசை. டீசல் குறைவாகக் குடிக்க வேண்டும், மிதித்தால் உடனே பாய வேண்டும். முதல் ஆசைக்கு இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கிற கணக்கை லேப்டாப்பை மாட்டித் திருத்துவார்கள். ஒழுங்கான கை திருத்தினால் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடத்தான் செய்யும். இரண்டாவது ஆசைக்கு ஒரு குட்டிப் பெட்டி. பெடலிலிருந்து போகிற ஒயருக்கு நடுவில் அது உட்காரும். நாம் கால்வாசி மிதித்தால், 'முக்கால்வாசி மிதித்துவிட்டார்' என்று இன்ஜினிடம் பொய் சொல்லும். மைலேஜுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ரோட்டில் சுகமாக இருக்கும். ஒரு சாண் நகர்த்தும்போதுதான் எமன்.

"தூசி கொட்டினப்போ பெட்டி அங்கே இருந்தது" என்றார் மேடம் நிதானமாக. "அப்புறம் எடுத்திருக்காங்க. ஆள் செத்ததுக்கு அப்புறம். பெடலைப் பிடிச்சிருக்கிற நட்டைப் பார்."

இரண்டு நட்டிலும் தூசி இல்லை. இரண்டின் தலையிலும் பளிச்சென்று ஒரு மஞ்சள் பொட்டு. எழுந்துபோய் பானெட்டைத் திறந்தேன். டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயை இறுக்கும் கிளாம்புகளிலும் அதே மஞ்சள் பொட்டு, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துப்போயிருந்தது. அதே ஆள் விபத்துக்கு முன்னாலேயே இந்த வண்டியில் கை வைத்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெரிய கம்பெனிகளில் வேலை பழகியவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஒரு நட்டை முழுசாக இறுக்கியதும் பெயின்ட் மார்க்கரால் ஒரு பொட்டு வைப்பார்கள். இது முடிந்தது, மறுபடி தொட வேண்டாம் என்று அர்த்தம். இந்தப் புண்ணியவான் தடயத்தை அழிக்க வந்த இடத்திலும், பெட்டியைக் கழற்றி, பெடலைத் திரும்ப மாட்டி, ஒழுங்காக இறுக்கி, பொட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"நல்ல வேலைக்காரன்" என்றார் மேடம். பாராட்டுகிற குரலில்லை.

ரைட்டரிடம் போய் விபத்தன்று வண்டியை ஸ்டேஷனுக்கு ஓட்டிவந்தது யார் என்று கேட்டோம்.

"ஒரு மெக்கானிக். குடோன் ஓனர் அனுப்பினதா சொன்னான்."

"பேரு?"

"வண்டி நம்பர் எழுதுவோம். ஓட்டிட்டு வந்தவன் ஜாதகமெல்லாம் எதுக்குங்க?"

குடோன் முதலாளி எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. லோடுமேன் செத்த இடத்தில் புது அடுக்கு ஏறியிருந்தது. முதலாளி நாற்காலிக்குப் பின்னால் சுவரில் 'பாதுகாப்பே முதல்' என்று ஒரு பெரிய போஸ்டர்.

"என் வண்டியில எந்த மாத்தமும் பண்ணலை. டிரைவர் தூங்கிட்டான், அவ்வளவுதான்" என்றார்.

"போஸ்டர் புதுசா இருக்கே" என்றார் மேடம். "ஆனா கோணலா ஒட்டியிருக்கு. பஞ்சர், நேராக்கு."

இந்த மாதிரி வேலையென்றால் எனக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டாம். நேராக்குகிறேன் என்று மேல்முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. போஸ்டர் என் கையோடு வந்தது. அடியில் ஒரு வெள்ளை போர்டு. அரைகுறையாகத் துடைத்திருந்தும் எழுத்து தெரிந்தது. ஐந்து வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண். உச்சியில், துடைத்தாலும் போகாத பெயின்ட்டில்: 'கடைசி ஆளுக்கு அடுத்த வாரம் வண்டி இல்லை.'

"அய்யய்யோ, கிழிஞ்சிடுச்சே" என்றேன்.

முதலாளியின் முகம் சுருங்கியது. "அது ஒரு உற்சாகத்துக்கு வெச்சது."

"நம்ம டிரைவர் எந்த இடம்?" என்றார் மேடம்.

"எப்பவும் கடைசி. வயசான ஆள். வாரம் விட்டு வாரம்தான் வேலை. அப்புறம் திடீர்னு மூணு வாரம் வரிசையா முதல் இடம்."

"எப்படின்னு நீங்க கேட்கலையா?"

"மைலேஜ் வருதா, வந்துச்சு. எனக்கு எதுக்குங்க எப்படி?"

அந்த ஆள் கழுத்தைப் பிடிக்கலாமா என்றிருந்தது. நாற்பத்தெட்டு வயசு மனுஷனை வாரம் விட்டு வாரம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அதற்கு உற்சாகம் என்று பேர் வைத்திருக்கிறான். இப்படிப்பட்டவன் மீது எந்தச் சட்டமும் பாயாது. போர்டு மாட்டியது குற்றமில்லையே!

"வண்டியை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போக மெக்கானிக்கை அனுப்பினது நீங்கதானே?" என்று கேட்டார் மேடம்.

"நானா? நான் யாரையும் அனுப்பலை. அவனே வந்து நின்னான். போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே டிரைவர் போன்ல யாரையோ கூப்பிட்டான். நான் ஆம்புலன்ஸுக்குன்னு நினைச்சேன். பத்து நிமிஷத்துல இவன் பைக்குல வந்துட்டான்."

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெளியே வந்து என் பைக்கின் பின்னால் ஏறும்போது, "பஞ்சர், எனக்கு இது பிடிக்கலை" என்றார்.

"எது மேடம்? என் பைக்கா?"

"பெட்டியைக் கழட்டினவனைக் கூப்பிட்டதே டிரைவர்தான். தன்னைக் காப்பாத்தக்கூடிய ஒரே சாட்சியைத் தானே எடுக்கச் சொல்லியிருக்கார்."

பைக்கைக் கிளப்பினேன்.

மஞ்சள் மார்க்கரைக் கண்டுபிடிப்பது என் வேலை. மெக்கானிக் ஷெட்டுகள் இருக்கும் தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் எனக்குப் பழைய சினேகிதர். "மஞ்சள் பெயின்ட் மார்க்கரா? இந்தத் தெருவுல பொட்டு வைக்கிற வழக்கமெல்லாம் ஒரே ஒருத்தனுக்குத்தான். மாசம் ரெண்டு வாங்குவான். கடைசி ஷெட்" என்றார். "ஏன், உனக்கும் வேணுமா? நீ இறுக்கற லட்சணத்துக்கு டஜன் கணக்குல ஆகுமே."

கடைசி ஷெட் சுத்தமாக இருந்தது. ஸ்பானர்கள் சுவரில் அளவு வாரியாகத் தொங்கின. பெஞ்சில் துணி போட்டு மூடிய லேப்டாப். ஒரு பிக்கப் ஜாக்கியில் நின்றது. அடியில் யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள். "ஒரு நிமிஷம் சார், இதோ" என்று குரல் வந்தது. நட்டை இறுக்கும் சத்தம் மூன்று தரம் கேட்டது. பிறகு ஒரு கை சட்டைப் பையைத் தடவி மஞ்சள் மார்க்கரை எடுத்து, நட்டின் தலையில் ஒரு பொட்டு வைத்தது. அதற்குப் பிறகுதான் ஆள் வெளியே நகர்ந்து வந்தான்.

அந்த முதுகை நான் முந்தாநாள்தான் எங்கள் வாசல்படியில் பார்த்திருந்தேன்.

டெய்லர் அக்காவின் தம்பி.

மேடம் அவன் கையிலிருந்த மார்க்கரை வாங்கினார். "பெடல் நட்டுக்குப் பொட்டு வைக்காம விட்டிருக்கலாம்ல?"

அவன் மறுக்கவில்லை. மூடிய லேப்டாப்பின் மேலேயே உட்காரப் போய், தடுமாறித் தரையில் உட்கார்ந்தான். "கை தானா வெச்சிடுச்சு மேடம். ஸ்டேஷனுக்குப் போற வழியில ஓரமா நிறுத்தித்தான் கழட்டினேன். நட்டை இறுக்கிட்டு அப்படியே விட என்னால முடியலை."

"முதல்லேர்ந்து சொல்லு."

"மாமா வந்து அழுதார். போர்டுல கடைசி, வாரம் விட்டு வாரம் வீட்டுல உட்கார்றேன், உங்க அக்கா மிஷின் மிதிச்சு நான் சாப்பிடறேன்னார். நான் லேப்டாப்ல கணக்கைத் திருத்தினேன், குழாயெல்லாம் மாத்தினேன், மைலேஜ் ஏறிடுச்சு. அதோட விட்டிருக்கணும். பாவம், கிழட்டு வண்டியை மிதிச்சு மிதிச்சுக் கால் வலிக்குதுங்கறாரே, லேசா இருக்கட்டும்னு அந்தப் பெட்டியையும் நானே போட்டேன். அவர் கேட்கவே இல்லை. ஆசையா போட்டேன்."

"அப்புறம்?"

"மூணு தரம் வந்து சொன்னார். தொட்டா பாயுதுடா, பயமா இருக்கு, கழட்டிடுன்னு. நான்தான் பழகிடும் மாமான்னேன். ரொம்பப் பயமா இருந்தா அடியில ரப்பர் வைங்கன்னேன்." அவன் உள்ளங்கையால் கண்ணை அழுத்தினான். "அன்னிக்குப் போன் பண்ணினவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். 'ஓடி வந்து பெட்டியை எடுத்துடு. உன் கையால ஒருத்தன் செத்தான்னு உங்க அக்காவுக்குத் தெரியக் கூடாது. அவ தாங்க மாட்டா. நான் பார்த்துக்கறேன்.'"

"நீயும் அவரே பார்த்துக்கட்டும்னு விட்டுட்டே" என்றேன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவன் என் முகத்தைத் தாண்டிப் பின்னால் பார்த்தான். திரும்பினேன்.

டெய்லர் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் டிபன் கேரியர். கல்யாணம் ஆகாத தம்பிக்கு மத்தியானச் சாப்பாடு அவள்தான் கொண்டுவருவாளாம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவள் உள்ளே வந்து கேரியரை பெஞ்சில் வைத்தாள். "அவர் எட்டு வாரமா உள்ளே இருக்கார்" என்றாள் தம்பியிடம். குரல் உயரவே இல்லை. "இந்த எட்டு வாரமும் நீ என் கையால சாப்பிட்டிருக்கே. ஒரு நாள்கூட உனக்குச் சோறு தொண்டையில நிக்கலையாடா?"

"அக்கா..."

"அந்தப் பெட்டி எங்கே?"

அவன் தலை குனிந்தான்.

"தூக்கிப் போட்டுட்டியா?" என்றார் மேடம்.

"நல்லா வேலை செய்யற பொருள் மேடம். தூக்கிப் போட மனசு வரலை." பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டான். "குடோன்ல மாமா இடத்துக்குப் புதுசா வந்த டிரைவர் மைலேஜுக்காக வந்தான். போன வாரம் அவன் வண்டியில மாட்டிட்டேன்."

முப்பது வருஷம் பிணம் எடுத்த வண்டிகளைப் பார்த்த மேடம், அந்த நிமிஷம் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். காலையில் நாங்கள் அந்தக் குடோனில் நின்றபோது அந்த வண்டி எங்கே இருந்தது? யார் அதன் முன்னால் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்?

"போன் பண்ணுடா" என்றாள் டெய்லர் அக்கா. "அந்த டிரைவருக்குப் போன் பண்ணி வண்டியை இருக்கற இடத்துலயே நிறுத்தச் சொல்லு. முதல்ல அது."

அவன் பண்ணினான். நாலு தரம் மணி அடித்தபிறகுதான் அந்தப் பக்கம் எடுத்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, நாங்கள் வரும்வரை யாரையும் தொட விடாதே என்று மூன்று முறை சொன்னான். அதுவரை டெய்லர் அக்கா அவன் தோளைப் பிடித்திருந்தாள். போனை வைத்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

மேடம் அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, உண்மையைச் சொன்னா உங்க வீட்டுக்காரர் மேல இருக்கற கேஸ் சின்னதாகும். ஆனா சும்மா வந்துட மாட்டார். தடயத்தை எடுக்கச் சொன்னதுக்கு அவர் மேலயும் ஒரு கேஸ் விழும். உங்க தம்பி நிச்சயம் உள்ளே போவான். சொல்லாம விட்டா, நாளைக்கு அவர் ஒத்துக்குவார், தம்பி வெளியே இருப்பான். முடிவு உங்களோடது. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா அவர் என் முகத்துல முழிக்க மாட்டார் மேடம்" என்றாள். "எனக்காகத்தானே மறைச்சார்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அந்த லோடுமேன் வீட்டம்மா என்கிட்டதான் ரவிக்கை தைக்கக் குடுக்கும். காரியம் முடிஞ்சு ஒரு நாள் கடைக்கு வந்துச்சு. உன் புருஷன் ஏன் அப்படிப் பண்ணினார்னு கேட்டுச்சு. எனக்குச் சொல்லத் தெரியலை."

தம்பி, "அக்கா, நானும் வரேன்" என்றான். அவள் அவனைப் பார்க்காமல், "வா" என்றாள்.

மூன்று மணிக்கு ஸ்டேஷனில் இருந்தோம். நான் வழியில் அந்த டிரைவர் வண்டியை நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய், அந்தப் பெட்டியைக் கழற்றி, ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து ரைட்டர் மேசையில் வைத்திருந்தேன். தீப்பெட்டி அளவுதான், எடையே இல்லை. ரைட்டர் அதைப் பேனாவால் இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, புகாரை எழுத ஆரம்பித்தார். டெய்லர் அக்கா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தம்பி சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ஒரு வழக்கு முடிந்தால் என்னை டீ வாங்கிவரச் சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை.

"எதிரி உங்களுக்கு என்ன உறவு?" ரைட்டர் நிமிராமல் கேட்டார்.

"தம்பி."

"கூடப் பிறந்தவனா?"

"ஆமா. எங்கம்மா செத்தப்போ இவனுக்கு நாலு வயசு. எனக்குப் பதினஞ்சு. நான்தான் வளர்த்தேன். அதையும் எழுதிக்கறீங்களா?"

ரைட்டரின் பேனா நின்றது. அந்த ஆள் எத்தனை புகார் எழுதியிருப்பாரோ, அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இல்லைம்மா" என்றார் மெதுவாக. "அதுக்கு இதுல இடம் கிடையாது."

"சரி" என்றாள் டெய்லர் அக்கா. "கையெழுத்து எங்கே போடணும்?"